இரவில் ஒரு பக்கம் சாயும் ஒலியும் படிநிலை அட்டெனுவேட்டரும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 15 ஆண்டுகள் பழகிய இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று உங்களிடம் இருக்கிறது. பகலில் குறையில்லாமல் பாடும் அது, இரவில் வீட்டார் தூங்கிய பிறகு வால்யூமைக் குறைத்து வைத்தால் இடப்பக்க ஸ்பீக்கரை ஏறக்குறைய மௌனமாக்கிவிடுகிறது. நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் வலப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. குமிழைத் திருப்பும்போது கரகரப்பும் கேட்கிறது. பழைய வால்யூம் கன்ட்ரோலை எடுத்துவிட்டு, ஆர்வலர்கள் ஸ்டெப்டு அட்டெனுவேட்டர் என்று சொல்லும் படிநிலை அட்டெனுவேட்டரைப் போட்டால் இந்தக் குறை தீருமா, ஒலித்தரமும் உயருமா, 10, 50, 100 கிலோ ஓம் என்று விற்கும் வகைகளில் எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்ப்பதிலும் புதிதாகக் கட்டுவதிலும் 28 ஆண்டுகளைச் செலவிட்டவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றையும் காதுக்குக் காது வேறுபடுபவற்றையும் பிரித்தே பதில் சொல்கிறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். சாதாரண வால்யூம் கன்ட்ரோலுக்குள் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கார்பன் தடமும், அதன்மேல் நகரும் தொடுமுனையும் இருக்கின்றன. காது ஒலியை மடங்குகளாக உணர்வதால் இந்தத் தடத்தின் மின்தடை சீராகப் போகாமல் லாக் (மடக்கை) வளைவில் போக வேண்டும். ஆனால் உண்மையான லாக் தடத்தை அச்சிடுவது கடினம் என்பதால், வெவ்வேறு தடையுள்ள இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டவைத்து அந்த வளைவை ஏறத்தாழ உருவாக்குகிறார்கள். இரண்டு சேனல்களின் தடங்களும் ஒரே தடிமனில் அமைவதில்லை. நடுப்பகுதியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் 50 கிலோ ஓம் கன்ட்ரோல் ஒன்றில் 40 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைத்து வைத்திருக்கும்போது தொடுமுனைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் எஞ்சுவது வெறும் 500 ஓம்தான். அங்கே ஒரு சேனலில் 500 ஓமும் மற்றதில் 650 ஓமும் இருந்தால் இரண்டுக்கும் இடையே 2 டெசிபலுக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். ஒரு டெசிபல் வேறுபாடே குரலை நடுவிலிருந்து நகர்த்தப் போதுமானது. உங்கள் பாடகர் இரவில் மட்டும் இடம் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

கரகரப்பு வேறு கதை. தடம் தேய்ந்ததாலோ தூசி படிந்ததாலோ அது வரலாம். ஆனால் வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் இருந்து, டிசியைத் தடுத்து ஒலிச் சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெப்பாசிட்டர் வயதாகிக் கசியத் தொடங்கி, தடத்தின்மேல் டிசி மின்னழுத்தம் ஏறியதாலும் வரலாம். இரண்டாவது காரணம் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் எவ்வளவு விலையுயர்ந்த அட்டெனுவேட்டரைப் போட்டாலும், கரகரப்புக்குப் பதிலாக ஒவ்வொரு படியிலும் ‘டக்’ என்ற ஒலி வரும். அதைத் தவிர வேறு மாற்றம் இராது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், ஆம்ப்ளிஃபயரை இயக்கி, பாட்டு எதுவும் ஓடாத நிலையில், கன்ட்ரோலில் சிக்னல் நுழையும் மேல்முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையிலும், தொடுமுனைக்கும் கிரவுண்டுக்கும் இடையிலும் டிசி மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். ஓரிரு மில்லிவோல்ட் இருந்தால் கவலையில்லை. பத்தைத் தாண்டினால் நான் முதலில் கெப்பாசிட்டரைத்தான் சந்தேகிப்பேன். பின்னால் இருக்கும் ஐசியும் இதில் பங்கெடுக்கும். என்இ5532 போன்ற பைபோலார் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) தன் உள்ளீட்டின் வழியாக இழுக்கும் சிறு மின்னோட்டம் வழக்கமாக 200 நானோஆம்பியர் அளவில் இருக்கும். 50 கிலோ ஓம் கன்ட்ரோலில் வெளியீட்டுத் தடை அதிகபட்சமாக 12.5 கிலோ ஓம் வரை போவதால், அது 2.5 மில்லிவோல்ட் டிசியாக மாறித் தொடுமுனையின் நகர்வோடு ஏறி இறங்கும். தொடுமுனைக்கும் ஐசிக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டரும், ஐசியின் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டரும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இனி மருந்துக்கு வருகிறேன். படிநிலை அட்டெனுவேட்டர் என்பது தடத்துக்குப் பதிலாகத் தனித்தனி ரெசிஸ்டர்களும் தொடுமுனைக்குப் பதிலாகப் பல நிலைகள் கொண்ட ரோட்டரி ஸ்விட்சும் கொண்ட அமைப்பு, அவ்வளவே. புதுமையான பொருளும் இல்லை. அமெரிக்காவில் டேவன் போன்ற நிறுவனங்கள் வானொலி நிலையங்களின் கலவை மேசைகளுக்காக இவற்றைச் செய்துவந்தன. அந்தப் பழைய ஸ்டுடியோ அட்டெனுவேட்டர்கள் சில நேரம் பழைய சாமான் சந்தையில் அழகான உலோகப் பெட்டியில் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை 600 ஓம் இணைப்புக்கென அமைக்கப்பட்டவை என்பதால் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்குள் வைக்கத் தகுந்தவை அல்ல. ஆம்ப்ளிஃபயரில் அதற்கு முன்னால் இருக்கும் சுற்றால் அந்தப் பளுவைத் தாங்க முடியாது. ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் வைக்கும் எட்டு ஓம் எல்-பேடும் முற்றிலும் வேறு பொருள்.

உறுதியாகச் சொல்லக்கூடிய நன்மை ஒன்று உண்டு. ஒரு சதவீதத் துல்லியமுள்ள மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களால் கட்டினால், எந்தப் படியிலும் இரண்டு சேனல்களுக்கும் இடையிலான வேறுபாடு, எல்லாப் பிழைகளும் ஒரே திசையில் கூடிவரும் மிக மோசமான நிலையில்கூட 0.35 டெசிபலைத் தாண்டாது. நடைமுறையில் அதில் ஒரு பங்குதான் இருக்கும். மல்டிமீட்டரில் அளந்து ஜோடி சேர்த்துப் பொருத்தினால் காதால் பிரித்தறியவே முடியாத அளவுக்குக் குறைத்துவிடலாம். இரவு ஒலியில் குரல் நடுவிலேயே நிற்கும். நேற்று கேட்ட அதே அளவை இன்று மீண்டும் வைக்க முடியும் என்பது இரண்டாவது நன்மை. இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒலித்தரம் உயருமா என்ற கேள்விக்கு அவ்வளவு உறுதியாக நான் பதில் சொல்ல மாட்டேன். திரை விலகியதுபோல் இருக்கிறது என்று எழுதுபவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. தேய்ந்த கன்ட்ரோலிலிருந்து புதிய அட்டெனுவேட்டருக்கு மாறியவர்கள் சேனல் சமநிலை சீரானதால் ஏற்படும் தெளிவை நிச்சயம் கேட்டிருப்பார்கள். ஆனால் ஆல்ப்ஸ் ஆர்கே27 போன்ற நல்ல கன்ட்ரோலின் நடுப்பகுதியையும் படிநிலை அட்டெனுவேட்டரையும் வோல்ட்மீட்டரால் ஒரே அளவில் வைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் நானும் நண்பர்களும் என் பட்டறையில் கேட்டபோது எங்களால் நம்பத்தக்க முறையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வேறு அறையில், வேறு காதுகளுக்குத் தெரியலாம். அதற்காக ஒரு பெருந்தொகையைச் செலவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரெசிஸ்டர் வகைகளைப் பற்றிய வாதத்திலும் இதே நிலைதான். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் கூடுதல் இரைச்சல் தருபவை என்பது அளந்து அறிந்த உண்மை. மலிவான தடித்த படல எஸ்எம்டி ரெசிஸ்டர்கள் மெட்டல் ஃபிலிமைவிட இரைச்சலில் பின்தங்கியவை என்பதும் உண்மை. அதற்கு மேல், நல்ல மெட்டல் ஃபிலிமுக்கும் பத்து மடங்கு விலையுள்ள டான்டலம் ரெசிஸ்டருக்கும் இரண்டு வோல்ட் சிக்னலில் என்ன வேறுபாடு என்பது கேட்பவரின் காதையும் நம்பிக்கையையும் பொறுத்தது.

வாங்குவதற்கு முன் இன்னொரு வழியையும் சொல்வது என் கடமை. உங்கள் குமிழ் இரவில் எந்த இடத்தில் நிற்கிறது? கடிகார முள் எட்டு மணியைத் தாண்டாத இடத்தில் என்றால், உண்மையான கோளாறு கன்ட்ரோலில் இல்லாமல் சிக்னலின் அளவில் இருக்கிறது. சிடி பிளேயரும், டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் டாக்கும் (DAC) 2 வோல்ட் தருகின்றன. டேப்டெக், டியூனர் காலத்து வழக்கப்படி அமைந்த ஆம்ப்ளிஃபயரோ கால் வோல்ட்டிலேயே முழுத் திறனை எட்டிவிடும். இடையில் இருக்கும் 18 டெசிபலும் வீண். அதனால்தான் குமிழ் தடத்தின் மிக மோசமான அடிப்பகுதியிலேயே வாழ வேண்டியதாகிறது. ஒவ்வொரு சேனலிலும் கன்ட்ரோலுக்கு முன்னால் 7.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகவும், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2.4 கிலோ ஓம் ஒன்றையும் போட்டால், 50 கிலோ ஓம் கன்ட்ரோலோடு சேர்த்து ஏறத்தாழ 12.5 டெசிபல் குறையும். குமிழ் நடுப்பக்கம் நகர்ந்துவிடும். சேனல் வேறுபாடும் பெரும்பாலும் மறைந்துவிடும். நான்கு ரெசிஸ்டர்கள், சில ரூபாய் செலவு. உங்கள் மூலக்கருவியின் வெளியீட்டுத் தடை ஒரு கிலோ ஓமுக்குக் கீழே இருந்தால், டாக் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், இந்த வழியை முதலில் முயன்று பாருங்கள். என்னிடம் இதே குறையோடு வந்தவர்களில் பலர் இதோடு மனநிறைவு அடைந்திருக்கிறார்கள். படிநிலை அட்டெனுவேட்டரையே போடுவது என்று முடிவு செய்தாலும் இந்தக் கணக்கு அவசியம். இதைப் பார்க்காமல் வாங்கியவர்கள் 24 படிகளில் கீழே உள்ள ஐந்தாறை மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் தேர்வைப் பிராண்டிலிருந்து தொடங்காமல் படிகளிலிருந்து தொடங்குங்கள். வழக்கமாகக் கிடைக்கும் ஸ்விட்சுகளுக்கு 24 நிலைகள். மௌனத்துக்கு ஒன்று போக, எஞ்சிய எல்லாவற்றையும் 2 டெசிபல் இடைவெளியில் அமைத்தால் மொத்த வீச்சு 44 டெசிபல்தான். இரவில் இன்னும் குறைக்க வேண்டும் என்று தோன்றும்போது அடுத்த படி முழு மௌனமாக இருக்கும். எல்லாவற்றையும் 3 டெசிபல் ஆக்கினால் பகலில் இந்தப் படி குறைவு, அடுத்த படி அதிகம் என்ற எரிச்சல் வரும். நான் வழக்கமாகச் செய்வது இது: முதல் நிலை மௌனம், பிறகு 60, 54, 50, 46, 43 டெசிபல் குறைப்புகள், அங்கிருந்து 40 முதல் 10 வரை இரண்டிரண்டாக 16 படிகள், கடைசியில் 5, அதன்பின் சுழியம். மொத்தம் 24. அன்றாடம் புழங்கும் பகுதியில் படிகள் நெருக்கமாகவும் ஓரங்களில் அகலமாகவும் இருக்கும். உங்கள் புழங்கும் பகுதி எது என்பதை அறிய, தற்போதைய கன்ட்ரோலில் இரவு, பகல், விருந்தினர் வந்த நாள் என மூன்று நிலைகளில் குமிழை வைத்து, ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, தொடுமுனையிலிருந்து கிரவுண்டுக்கும், மேல்முனையிலிருந்து கிரவுண்டுக்கும் உள்ள தடைகளை அளந்து விகிதம் எடுங்கள். சுற்றோடு இணைந்திருக்கும்போது அளவு சற்றுப் பிசகும். ஆனாலும் ஓரிரு டெசிபலுக்குள் விடை கிடைத்துவிடும். விகிதம் நூறில் ஒன்று என்றால் 40 டெசிபல்; பத்தில் ஒன்று என்றால் 20.

அடுத்தது கட்டமைப்பு. சந்தையில் மூன்று வகை உண்டு. முதலாவது தொடர் வகை: 23 ரெசிஸ்டர்களை வரிசையாகக் கோத்து, ஒவ்வொரு சந்திப்பையும் ஸ்விட்சின் ஒரு நிலையில் இணைப்பது. சேனலுக்கு ஒரு ஸ்விட்ச் தட்டு போதும், விலையும் குறைவு. இரண்டாவது ஏணி வகை: ஒவ்வொரு நிலைக்கும் இரண்டே ரெசிஸ்டர்கள், மற்றவை சிக்னலோடு தொடர்பில்லாமல் ஒதுங்கிவிடும். இதற்குச் சேனலுக்கு இரண்டு தட்டுகளும், ஸ்டீரியோவுக்கு 90க்கு மேற்பட்ட ரெசிஸ்டர்களும் தேவை. அதனால் விலையும் அளவும் கூடும். சிக்னல் குறைவான ரெசிஸ்டர்களைக் கடக்கிறது என்பது இதை விரும்புபவர்களின் வாதம். நல்ல ரெசிஸ்டர்கள் இருக்கையில் அது கேட்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மூன்றாவது ஷன்ட் வகை: தொடராக ஒரே ஒரு நிலையான ரெசிஸ்டர், கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர் மட்டும் படிக்குப் படி மாறும். சிக்கனமானது, அந்த ஒரு ரெசிஸ்டரை மட்டும் விலையுயர்ந்ததாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆர்வலர்கள் விரும்புவார்கள். ஆனால் உள்ளீட்டுத் தடை ஒரே அளவில் நிற்காது. தொடர் ரெசிஸ்டர் 10 கிலோ ஓம் என்றால், 20 டெசிபல் குறைப்பில் மூலக்கருவிக்குத் தெரியும் தடை 11 கிலோ ஓம். 2 டெசிபல் குறைப்பில் கிட்டத்தட்ட 49 கிலோ ஓம். திறன்மிக்க டாக் இதைப் பொருட்படுத்தாது. வால்வு ப்ரீஆம்ப்ளிஃபயர் பொருட்படுத்தும்.

ஷன்ட் வகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை என் அனுபவத்திலேயே கற்றேன். ரோட்டரி ஸ்விட்சுகளில் இரண்டு இனம் இருக்கிறது. ஓர் இனம் அடுத்த தொடர்பைப் பிடித்த பிறகே பழையதை விடும். மற்றோர் இனம் பழையதை விட்ட பிறகே அடுத்ததைப் பிடிக்கும். ஷன்ட் வகையில் இரண்டாவது இனத்தைப் போட்டால், படி மாறும் அந்த நொடிப்பொழுதில் கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர் துண்டிக்கப்பட்டு, சிக்னல் முழு வேகத்தில் ஆம்ப்ளிஃபயருக்குள் பாயும். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், விற்றவர் சொன்னதை மட்டும் நம்பி அப்படி ஒரு ஸ்விட்சைப் பொருத்தி, வாடிக்கையாளரின் ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) ஒன்றை எரித்துவிட்டேன். புது ட்வீட்டரை என் செலவில் வாங்கிக் கொடுத்தேன். தொடர் வகையிலும் ஏணி வகையிலும் அந்த இனம் இவ்வளவு ஆபத்தானது அல்ல. ஆனாலும் ஒவ்வொரு படியிலும் உள்ளீடு ஒரு கணம் அந்தரத்தில் தொங்குவதால் ‘டப்’ என்ற ஒலி வரும். எனவே மூன்று வகைக்கும் பிடித்த பிறகே விடும் இனம்தான் வேண்டும். விவரத்தாளில் தெளிவாக எழுதியிருக்கவில்லை என்றால் மல்டிமீட்டரின் தொடர்ச்சி ஒலியை வைத்து, தண்டை மிக மெதுவாகத் திருப்பி நீங்களே சோதிக்கலாம்: இரு நிலைகளுக்கும் நடுவில் பக்கத்துப் பக்கத்து முனைகள் இரண்டும் பொதுமுனையோடு இணைந்திருக்க வேண்டும்.

10, 50, 100 கிலோ ஓம் என்ற தேர்வுக்கு எளிய அடிப்படை ஒன்று உண்டு: முன்னால் இருப்பதற்குப் பளுவாகாத அளவுக்கு உயர்வாகவும், பின்னால் இருப்பதைப் பட்டினி போடாத அளவுக்குத் தாழ்வாகவும் இருக்க வேண்டும். லாக் கன்ட்ரோலானாலும் ஏணியானாலும் வெளியீட்டுத் தடை 6 டெசிபல் குறைப்பில் உச்சத்தை எட்டும்; அது மொத்த மதிப்பில் கால் பங்கு. மூலத்தின் தடை இதில் சிறிது கூடும். 100 கிலோ ஓமில் அது 25 கிலோ ஓம். அதற்குப் பின்னால் 200 பிகோஃபாரட் கேபிள் இருந்தால் 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஒன்றரை டெசிபல் இழப்பு வரும். 50 கிலோ ஓமில் இழப்பு 0.4 டெசிபல், 10 கிலோ ஓமில் கணக்கில் கொள்ளத் தேவையில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரில் கேபிள் இல்லாவிட்டாலும் 12ஏஎக்ஸ்7 வால்வின் மில்லர் கெப்பாசிட்டன்ஸே (பெருக்கத்தால் பெரிதாகித் தெரியும் உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ்) 100 பிகோஃபாரட்டைத் தாண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சலும் தடையோடு கூடும்: 25 கிலோ ஓம் தரும் இரைச்சல் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 2.9 மைக்ரோவோல்ட், 2.5 கிலோ ஓம் தருவது 0.9 மைக்ரோவோல்ட். இவை எல்லாம் 10 கிலோ ஓமுக்கு ஆதரவான வாதங்கள். எதிர்வாதம் பேஸ் பக்கத்திலிருந்து வருகிறது. இசைத்தட்டின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் வால்வு ஃபோனோ சுற்றின் வெளியீட்டில் 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால், 10 கிலோ ஓம் பளுவில் 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும்; 100 கிலோ ஓமில் அது 3.4 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். ஆக, டாக், சிடி பிளேயர், ஆப்-ஆம்ப் என்று அனைத்தும் டிரான்சிஸ்டர் காலத்தவை என்றால் 10 அல்லது 20. வால்வு மூலங்கள் கலந்திருந்தால் 50 அல்லது 100.

உங்கள் நிலையில் இதற்கும் மேலான ஒரு விதி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஏற்கெனவே இருக்கும் கன்ட்ரோலின் மதிப்பை அதை வடிவமைத்தவர் ஏதோ காரணத்தோடு தேர்ந்தெடுத்திருப்பார். சர்க்யூட் வரைபடம் கையில் இல்லையென்றால் அதே மதிப்பிலேயே மாற்று வாங்குங்கள். பின்னால் வரும் நிலையின் உள்ளீட்டுத் தடை 47 கிலோ ஓம் போலக் குறைவாக இருந்தால், 50 கிலோ ஓம் அட்டெனுவேட்டரில் 6 டெசிபல் என்று கணக்கிட்ட படி உண்மையில் 8 டெசிபலாக இறங்கும். 40 டெசிபல் பக்கம் எந்த மாற்றமும் இராது. இரண்டு சேனலும் ஒன்றுபோலவே நகர்வதால் இதனால் கெடுதல் இல்லை. மேல்படிகளின் இடைவெளி சீராக இல்லையே என்று பிறகு குழம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்விட்சின் இயந்திரத் தரமே விலையைத் தீர்மானிக்கிறது. சுவிட்சர்லாந்தின் எல்மா, ஜப்பானின் செய்டன், அமெரிக்காவின் ஷால்கோ ஆகியவை நெடுங்காலமாகப் பேர்பெற்றவை. மலிவானவற்றில் என் கைக்கு வந்த சிலவற்றில் ரெசிஸ்டர் மதிப்புகள் சரியாகவே இருந்தன. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் தொடர்புமுனைகள் தளர்ந்தன. வெள்ளித் தொடர்புகள் காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். சென்னைபோல் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் தங்கப் பூச்சுள்ள தொடர்புகளை விரும்புகிறேன். வெள்ளி என்றால் மாதம் ஒருமுறை குமிழை ஓரத்திலிருந்து ஓரம் வரை பத்துத் தடவை திருப்பினாலே பெரும்பாலும் போதும், கறுப்புத் தேய்ந்துவிடும். ரிமோட் வேண்டும் என்பவர்களுக்கு ரிலே வகை உண்டு: 1, 2, 4, 8, 16, 32 டெசிபல் எனச் சேனலுக்கு ஆறு நிலைகளைச் சேர்த்தும் நீக்கியும் ஒவ்வொரு டெசிபலாக 63 வரை போகலாம். மூடிய ரிலேக்களில் காற்றின் பாதிப்பு குறைவு. 31லிருந்து 32க்குப் போகும்போது எல்லா ரிலேக்களும் ஒரே நேரத்தில் மாறுவதால் எழும் சிறு வெடிப்பை அந்தப் போர்டின் நிரல் எப்படிக் கையாளுகிறது என்பதைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். பிஜிஏ2311 போன்ற ஐசிக்கள் அரை டெசிபல் படிகளில் சேனல் சமநிலையை மிக நன்றாகக் காக்கின்றன. தனித்தனி ரெசிஸ்டர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு அவையும் மதிப்பான தீர்வே.

பொருத்துவதற்கு முன் பழைய கன்ட்ரோலின் பின்பக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். கால்கள் ஆறு என்றால் சாதாரண ஸ்டீரியோ கன்ட்ரோல். எட்டு என்றால், குறைந்த ஒலியில் பேஸைக் கூட்டிக் காட்டும் லவுட்னஸ் வசதிக்கான நடு இணைப்பு இருக்கக்கூடும். படிநிலை அட்டெனுவேட்டரில் அது கிடையாது, ஆகவே லவுட்னஸ் பொத்தானை இழக்க வேண்டிவரும். மின்சார ஸ்விட்ச், பேலன்ஸ், ரிமோட் மோட்டார் ஆகியவை அதோடு ஒட்டியிருந்தால் அவற்றுக்கும் மாற்று யோசிக்க வேண்டும். தண்டின் விட்டம் 6 மில்லிமீட்டரா 6.35ஆ, பல்வரிசை உள்ளதா, பேனலின் துளை எவ்வளவு, பின்னால் ஆழம் எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏணி வகையின் நான்கு தட்டுகள் பல ஆம்ப்ளிஃபயர்களில் டிரான்ஸ்ஃபார்மரை முட்டும். படிநிலை ஸ்விட்சைத் திருப்ப அதிக விசை தேவை என்பதால் அது பேனலில் சுழன்றுவிடாதபடி தடுப்பு ஊசி பொருத்தியே ஆக வேண்டும். நட்டை மட்டும் நம்பினால் சில மாதங்களில் வயர்கள் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும்.

வேலையைத் தொடங்கும்போது மின்இணைப்பின் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பிறகு ஃபில்டர் கெப்பாசிட்டர்களைச் சில நூறு ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் வழியாக வெறுமையாக்கி, மீட்டரால் சரிபாருங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரில் 300 முதல் 450 வோல்ட் வரை அங்கே தேங்கியிருக்கும். அதில் பழக்கமில்லாதவர் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. ரெசிஸ்டர்களை ஸ்விட்சில் நீங்களே பற்றவைப்பதானால் சிறிய நுனியும் குறைந்த நேரமும் முக்கியம். அதிக வெப்பத்தில் தட்டு உருகித் தொடர்புகள் கோணும். ஃப்ளக்ஸ் வழிந்து தொடர்புக்குள் போனால் பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. உள்ளே வைப்பதற்கு முன் மேசைமேலேயே சோதித்துவிடுங்கள். என் முறை எளியது: அட்டெனுவேட்டரின் உள்ளீட்டில் 10.00 வோல்ட் டிசி கொடுத்து, ஒவ்வொரு படியிலும் வெளியீட்டை டிஜிட்டல் மல்டிமீட்டரால் அளக்கிறேன். 20 டெசிபலில் 1.000 வோல்ட், 40ல் 0.100 வோல்ட் வர வேண்டும். மலிவான மீட்டரின் ஏசி அளவைவிட டிசி அளவு நம்பகமானது. மீட்டரின் 10 மெகாஓம் தடை விடையைக் கெடுப்பதும் இல்லை. இரண்டு சேனல்களின் அளவுகளையும் அருகருகே எழுதிவைத்தால் தவறாகப் பற்றவைத்த ரெசிஸ்டர் உடனே தெரிந்துவிடும்.

வயரிங்கில் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். ஒன்று கிரவுண்ட்: பழைய கன்ட்ரோலில் இடது, வலது சேனல்களின் கிரவுண்டுகள் தனித்தனியாகப் போயிருந்தால் புதியதிலும் அப்படியே போக வேண்டும், வசதிக்காக இரண்டையும் ஸ்விட்சில் இணைத்துவிட்டால் ஹம் என்ற மின்சார உறுமல் புகுந்துகொள்ளும். ஸ்விட்சின் உலோக உடல் சேஸியோடு இணைந்திருக்க வேண்டும். குமிழைத் தொட்டால் ஹம் கூடுகிறது என்றால் அந்த இணைப்பு இல்லை என்று பொருள். மற்றொன்று நீளம்: அட்டெனுவேட்டருக்கு முன்னால் வயர் நீண்டாலும் பொறுத்துக்கொள்ளலாம், பின்னால் நீளக் கூடாது. முடிந்தால் அட்டெனுவேட்டரை உள்ளீட்டு நிலைக்கு அருகில் வைத்து, முன்பேனலுக்கு நீட்டிப்புத் தண்டு கொடுங்கள். ஷீல்டு வயரின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டோடு சேருங்கள். வெளியீட்டு முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேனலுக்கு ஒன்றாக நிலையாகப் பற்றவைத்துவிடுங்கள். தொடர்பு எப்போதாவது விட்டுப்போனாலும் உள்ளீடு அந்தரத்தில் தொங்காது.

முதன்முறை இயக்கும்போது நல்ல ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். மேல்முனையையும் கிரவுண்டையும் மாற்றிப் பற்றவைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்படி நடந்திருந்தால் குமிழ் கடைசி இடதில் இருக்கும்போது ஒலி முழு அளவில் இருக்கும். மின்இணைப்பில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டு, மலிவான ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, ஃபோனிலிருந்து மெல்லிய ஒலியோடு மோனோ குரல்பதிவு ஒன்றை ஓடவிட்டு, ஒவ்வொரு படியாக மேலே போங்கள். குரல் எல்லாப் படிகளிலும் நடுவிலேயே நின்றால் வேலை முடிந்தது. ஏதாவது ஒரு படியில் மட்டும் சாய்ந்தால் அந்தப் படியின் ரெசிஸ்டரையும், எல்லாப் படிகளிலும் ஒரே அளவில் சாய்ந்தால் அட்டெனுவேட்டருக்கு வெளியேயும் தேடுங்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் மாடலையும், பழைய கன்ட்ரோலின்மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளையும், அதன் கால்களின் எண்ணிக்கையையும், மேலே சொன்ன டிசி அளவையும் எழுதி அனுப்பினால், 24 படிகளுக்கான ரெசிஸ்டர் மதிப்புகளைக் கணக்கிட்டுத் தருகிறேன்.